பழைய காரில் முன்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். நாலு சக்கரத்திலும் டிரம், ஹைட்ராலிக் பிரேக் உள்ள 1950கள், 60களின் கார்களுக்கே இவை பொருந்தும். கம்பி இழுத்துப் பிடிக்கும் அதற்கும் முந்தைய பிரேக்குகள் தனிக் கதை.

டிஸ்க் போட்டா வண்டி சட்டுனு நிக்குமா?

முதல் தடவை அழுத்தும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த டிரம் பிரேக்கே சக்கரத்தை லாக் செய்துவிடும். அந்த நிலைக்கு வந்தபிறகு வண்டியை நிறுத்த வேண்டியது டயர்தான். பத்து வருடம் ஆகி ரப்பர் இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்குச் செலவு செய்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் முதலில் போக வேண்டியது டயர் கடைக்கு.

டிஸ்க்கின் அருமை ஐந்தாவது, பத்தாவது அழுத்தலில்தான் தெரியும். மலை இறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்து ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த தகடு) விட்டு விலகும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசுபொருளான லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். டிஸ்க் தட்டு சூடானால் தடிக்கிறது, அதாவது அதை இருபுறமும் பிடிக்கும் பேடை நோக்கியே வருகிறது. நேரடியாகக் காற்றும் படுகிறது. மழைத் தண்ணீர் டிரம்முக்குள் தங்கும், தட்டில் தங்காது. 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி வேகத்தைக் குறைக்க முடிந்தது அந்தக் காருக்குப் பெரிய பலம்.

முன்னாடி மட்டும் போட்டா போதுமா?

போதும். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, வேலையில் பெரும்பகுதியை முன்சக்கரங்களே செய்கின்றன. 1956இல் டிரையம்ப் டிஆர்3 காரிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதுவே வழக்கம். பின்னால் டிரம்மை விட்டுவைத்தால் ஹேண்ட்பிரேக்கையும் தொட வேண்டியதில்லை.

இப்போ பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. டிஸ்க் போட்டா சரியாயிடும்தானே?

இழுப்பது எதனால் என்று தெரியாமல் மாற்றினால் புது பிரேக்கும் இழுக்கலாம். டிரம்மில் ஒரு விசேஷம் உண்டு. சுழலும் டிரம், முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் மேலும் இறுக்கும். நாம் கொடுக்கும் அழுத்தம் இலவசமாகப் பெருகுகிறது. கூடவே தவறும் பெருகும்: ஒரு பக்க லைனிங்கில் சிறிது எண்ணெய் பட்டாலும் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். இந்த வகை இழுப்பு டிஸ்க் போட்டால் போய்விடும்.

ஆனால் கண்ட்ரோல் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தாலோ, ஸ்டீயரிங் ஜாயிண்ட் ஆடினாலோ, ஒரு பக்க ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருந்தாலோ டிஸ்க் ஒன்றும் செய்யாது. முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்து, வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) கசிகிறதா பார்த்து, ஹோஸை மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதிலேயே திருப்தியாகி டிஸ்க் எண்ணத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. அதுவும் நல்ல முடிவுதான்.

டிரம்மைக் கழட்டும்போது தூசி நிறைய இருக்கு, ஏர் அடிச்சு ஊதிடலாமா?

கூடவே கூடாது. அந்தக் கால லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ விட்டு நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கிட் வாங்குறதா, வேற வண்டிப் பாகத்தைத் தேடிப் பொருத்துறதா?

உங்கள் காரே பின்னாளில் டிஸ்க்கோடு வந்திருந்தால் அதன் ஸ்டப் ஆக்சில் (முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சு), ஹப் (வீல் மாட்டும் சுழலும் நடுப்பகுதி), காலிப்பர் (பேடைத் தட்டோடு அழுத்தும் பாகம்) எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுப்பதுதான் என் முதல் தேர்வு. கம்பெனியே கணக்குப் போட்டுச் செய்தது. பேரிங், சீல், பேட் எல்லாம் பின்னால் தேடும்போதும் கிடைக்கும். அது இல்லையென்றால், பழைய ஸ்டப் ஆக்சிலில் பிராக்கெட் மாட்டி காலிப்பரைப் பிடிக்கும் கிட். வாங்கும்முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது: காலிப்பரும் தட்டும் எந்த வண்டியுடையவை? பதில் தெளிவாக வராவிட்டால், அடுத்த முறை பேட் தேயும்போது நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்துப் பொருத்துவது லேத் வேலையும் அளவெடுப்பும் நன்கு தெரிந்தவர்களுக்கு மட்டும். காலிப்பர், தட்டின் நட்ட நடுவில் உட்கார வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது எதிலும் இடிக்கக் கூடாது. பிராக்கெட்டுக்கு 8.8 அல்லது 10.9 தர போல்ட்டுதான். ஸ்டப் ஆக்சிலில் வெல்டிங் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அடித்து உருவாக்கிய உருக்கு அந்தச் சூட்டில் எங்கே பலவீனமாகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

இருக்கிற வீலே மாட்டிக்கலாமா?

பாதிப் பேர் சறுக்குவது இதில்தான். டிரம்முக்காகச் செய்த 13, 14 அங்குல வீலின் உட்புறம் காலிப்பருக்கு இடம் தராமல் போகலாம். காலிப்பரின் வெளி உருவத்தை அட்டையில் வெட்டி, ஹப் மையத்திலிருந்து அளந்து வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றிலும் 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். வீலின் உள்விளிம்பில் ஒட்டும் பேலன்ஸ் எடையையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று: டிஸ்க் தட்டின் நடுப்பகுதி ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் உட்காரும் அமைப்பாக இருந்தால், அந்தத் தடிமன் அளவுக்கு வீல் வெளியே தள்ளும். சில மி.மீ.தான், ஆனால் வீல் ஸ்டட்டில் நட்டு பிடிக்கும் புரிகள் அந்த அளவுக்குக் குறையும். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட்டு ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான ஸ்டட் போடுங்கள். மட்கார்டில் டயர் உரசுகிறதா என்று முழுத் திருப்பத்திலும், ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் பார்க்க வேண்டும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையே வச்சு ஓட்டலாமா?

பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பழையதையே மாட்டினால் மாட்டும். சரியாக வேலை செய்யாது. காரணங்கள் மூன்று.

ஒன்று, எண்ணெயின் அளவு. டிரம் வீல் சிலிண்டரின் பிஸ்டன் 1 அங்குலம் என்றால் பரப்பு 5 ச.செ.மீ. அளவு. 54 மி.மீ. காலிப்பர் பிஸ்டனுக்கு 22.9 ச.செ.மீ., நாலு மடங்குக்கு மேல். பேட் தேயத் தேய அந்தப் பிஸ்டனுக்குப் பின்னால் எண்ணெய் நிறைய போய் நிற்கும்; பழைய சிறிய தொட்டியில் அவ்வளவு இருக்காது. இரண்டு, பல டிரம் மாஸ்டர் சிலிண்டர்களின் வாயில் ஒரு குட்டி வால்வு உண்டு. பெடலை விட்டபிறகும் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை நிறுத்திவைக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் கப்புகள் ஒட்டி நிற்க அது தேவை. டிஸ்க்கில் ஷூவை இழுக்கிற மாதிரி ஸ்பிரிங் கிடையாது, அதனால் அதே 10 பி.எஸ்.ஐ. பேடைத் தட்டோடு ஒட்டவைத்து உரசிக்கொண்டே இருக்கும். முன்பக்க லைனில் அந்த வால்வு இருக்கவே கூடாது.

மாஸ்டர் சிலிண்டர் காலடித் தளத்துக்குக் கீழே, காலிப்பரை விடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் மட்டும் எண்ணெய் திரும்பி வடியாமலிருக்க முன்பக்கத்துக்கு 2 பி.எஸ்.ஐ. வால்வு தனியாகப் போடுவார்கள். பின் டிரம்முக்கு 10, முன் டிஸ்க்குக்கு 2. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மூன்றாவது காரணம் அடுத்த கேள்வியில்.

இது ஒத்தை சர்க்யூட். ரெட்டைக்கு மாத்தணுமா?

என்னைக் கேட்டால், டிஸ்க்கை விட இதுதான் முக்கியம். ஒற்றைச் சர்க்யூட்டில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிற்று, மிஞ்சுவது ஹேண்ட்பிரேக். இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். அமெரிக்கக் கார்களில் 1967 மாடலிலிருந்து இது பொதுவாயிற்று. கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் நல்ல டிரம்மும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் என்றே சொல்வேன். டிஸ்க் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது முன் டிஸ்க், பின் டிரம் உள்ள வண்டிக்கென்று செய்த சிலிண்டராகப் பார்த்து வாங்குங்கள். அதில் டிஸ்க் பக்கத் தொட்டி பெரிதாக இருக்கும், அந்த வாயில் 10 பி.எஸ்.ஐ. வால்வும் இருக்காது.

டிஸ்க் போட்டேன், பெடல் கட்டையா இருக்கு. முன்னாடி இருந்ததே தேவலைன்னு தோணுது.

மேலே சொன்ன இலவசப் பெருக்கம் டிஸ்க்கில் கிடையாது. பேட் எவ்வளவு அழுத்தப்படுகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். ஆகவே லைனில் அழுத்தம் கூடுதலாக வேண்டும். அதைக் கொடுப்பது காலின் பலம், பெடலின் நெம்புகோல் விகிதம், மாஸ்டர் சிலிண்டரின் துளை, பூஸ்டர் (எஞ்சினின் வெற்றிடத்தால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் கருவி) ஆகிய நாலும்தான்.

கணக்கு எளிது. 30 கிலோ பலத்தில் மிதிக்கிறீர்கள், பெடல் விகிதம் 6:1 என்றால் சிலிண்டரைத் தள்ளுவது 180 கிலோ. 1 அங்குலத் துளையில் (5.07 ச.செ.மீ.) கிடைப்பது ச.செ.மீ.க்கு 35.5 கிலோ. அதே காலுக்கு 7/8 அங்குலத் துளையில் (3.88 ச.செ.மீ.) 46 கிலோவுக்கு மேல். முப்பது சதவீதம் லாபம், ஒரு பைசா பூஸ்டர் செலவில்லாமல். சும்மா வரவில்லை: 25 மி.மீ. தள்ளினால் பெரிய துளை 12.7 மி.லி. எண்ணெய் அனுப்பும், சிறியது 9.7 மி.லி.தான். பெடல் அந்த அளவுக்கு ஆழமாகப் போகும். துளையை மிகவும் குறைத்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். பெடல் கட்டையாக இருக்கிறதென்று பெரிய சிலிண்டர் வாங்கி மாட்டுபவர்கள் நோயை வளர்க்கிறார்கள்.

அப்போ பூஸ்டர் கட்டாயமில்லையா?

எடை குறைந்த காருக்குத் துளையும் பெடல் விகிதமும் சரியாக இருந்தால் தேவையில்லை. கனமான காருக்கு வேண்டும். பூஸ்டர் இல்லாத பெடல் ஏறக்குறைய 6:1, பூஸ்டர் உள்ளதற்கு 4:1 என்பது பொதுவான அளவு. பழைய பெடலோடு பூஸ்டரைச் சேர்த்தால் லேசாகத் தொட்டாலே வண்டி குத்தி நிற்கும்.

ஆரோக்கியமான எஞ்சின் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஐடிலில் 18 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் கிடைத்தால் பூஸ்டர் நன்றாக வேலை செய்யும். பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் அது கிடைப்பது சிரமம். பெடலுக்கு நேர் எதிரே இடமில்லாத வண்டிகளுக்கு லைனின் நடுவே சேர்க்கும் தனி பூஸ்டர்கள் இருக்கின்றன.

பின்சக்கரம் முன்னாடியே லாக் ஆகி வால் திரும்புது. ஏன்?

டிஸ்க்குக்காக ஏற்றிய அழுத்தம் பின் டிரம்முக்கும் அப்படியே போகிறது. அங்கே இலவசப் பெருக்கம் இன்னும் இருக்கிறதே! போதாததற்கு, பிரேக் அடிக்கும்போது பின்பக்க எடையும் குறைகிறது. முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி நேராகச் சறுக்கும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் சுழன்றுவிடும்.

பின் லைனில் மட்டும் ஒரு புரொபோர்ஷனிங் வால்வு போடுங்கள். ஒரு அளவுக்கு மேல் பின்பக்க அழுத்தம் ஏறுவதை அது மட்டுப்படுத்தும். திருகிச் சரிசெய்யும் வகை நல்லது. ஆளில்லாத, சமதளமான இடத்தில், டிக்கியைக் காலியாக வைத்து, பின்பக்கத்துக்குக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். முன்சக்கரம் எப்போதும் ஒரு படி முந்த வேண்டும். ஈரத் தரையிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழைய பைப், ஹோஸ் நல்லாத்தானே இருக்கு?

வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி, எண்ணெய் போகும் வழியை அடைத்துவிடும். மாற்றுங்கள். புது ஹோஸ் முழுத் திருப்பத்திலும் சக்கரம் தொங்கும் நிலையிலும் இழுபடக் கூடாது, டயரிலும் உரசக் கூடாது. ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும், நடுவே துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர்.

புரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 3/8 அங்குல 24 புரி நட்டும் 10 மி.மீ. 1 பிட்ச் நட்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். முன்னது பின்னதன் துளையில் தொளதொளவென்று ஏறிவிடும், இறுக்கும்போது புரி போகும். கையால் சுற்றும்போது ஆட்டம் தெரிந்தால் நிறுத்துங்கள்.

எந்த பிரேக் ஆயில் ஊத்தணும்?

டாட் 4. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸிலும் ஈரம் சேர்ந்தபின் 155இலும்தான் கொதிக்கும். டாட் 3க்கு இவை 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 பெயரில்தான் அதற்கு உறவு, தன்மையில் டாட் 4இன் இனம். பெயிண்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எவ்வளவு பம்ப் பண்ணினாலும் ஏர் போகவே மாட்டேங்குது. பெடல் மெத்துமெத்துன்னு இருக்கு.

காலிப்பரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் ஏர் நிப்பிள் எங்கே இருக்கிறது? கீழே இருந்தால் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். காற்று மேலே தங்கும், நிப்பிள் வழியாக எண்ணெய்தான் வரும். மாற்றி மாட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றும் முன் மேசையில் வைத்துக் காற்று எடுத்தீர்களா என்று பாருங்கள்.

மெத்தென்று இல்லாமல் நீளமாகப் போய்ப் பிறகு பிடிக்கிறதா? பின் டிரம் ஷூ தளர்ந்திருக்கும். முன்பக்கத்தை நோண்டிக்கொண்டே பின்பக்க அட்ஜஸ்ட்மென்ட்டை மறந்துவிடுகிறோம்.

ஓட ஓட பிரேக் தானா பிடிச்சுக்குது, நிறுத்தி ஆறவிட்டா விட்டுடுது.

முதல் சந்தேகம் புஷ்ராடு, அதாவது பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி. பெடலை விட்டபின் புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுக்கத் திரும்பாமல், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளையை மூடிக்கொண்டு நிற்கும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல் பிரேக் தானாக இறுகும்.

பிடித்துக்கொண்டிருக்கும்போதே சோதியுங்கள். மாஸ்டர் சிலிண்டரை நட்டிலிருந்து லேசாகத் தளர்த்தி முன்னே நகர்த்துங்கள். பிரேக் விட்டால் புஷ்ராடுதான். விடாவிட்டால் சிலிண்டரில் முன்பக்க பைப் நட்டைத் தளர்த்துங்கள். அப்போது விட்டால் முன்பு சொன்ன 10 பி.எஸ்.ஐ. வால்வு உள்ளே இருக்கிறது. அதற்கும் விடாமல், காலிப்பர் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால் ஹோஸ் அடைப்பு. நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனே துருவில் மாட்டியிருக்கிறது.

பிரேக் போட்டா பெடல் துடிக்குது. தட்டு புதுசுதான்.

தட்டு வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் துருதான் காரணம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றுங்கள், ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சில் ஒரே அளவாக இறுக்குங்கள்.

புது பேடை எப்படிப் பழக்குறது?

மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து 15 வரை மிதமாகக் குறைப்பது, மறுபடி வேகமெடுப்பது, இப்படிப் பத்துத் தடவை. முழுக்க நிறுத்த வேண்டாம். பிறகு பிரேக் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான தட்டோடு சிக்னலில் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் பொருள் ஒரே இடத்தில் படிந்து முந்தின கேள்விக்குத் திரும்பி வருவீர்கள்.

ஒரிஜினல் போயிடுச்சுன்னு வண்டி மதிப்பு குறையுமா?

பழைய கார் காட்சிப் போட்டியில் வைக்கும் வண்டி என்றால் குறையும். ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் வண்டியில், வெட்டாமல் துளைக்காமல் போல்ட்டு மட்டும் போட்டு மாற்றியிருந்தால் வாங்குபவர் கவலைப்பட மாட்டார். கழற்றியதை எல்லாம் கிரீஸ் பூசி, இடது வலது எழுதி, பெட்டியில் வையுங்கள். பிரேக்கை மாற்றினால் பல நாடுகளில் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டுக்கு அப்புறம் முதல் தடவை பெடல் கீழே போகுது, ரெண்டாவது தடவை சரியா நிக்குது. ஏர் இல்லை, லீக் இல்லை. என்னதான் பிரச்சனை?

ஹப் ஆடுகிறது. வளைவில் தட்டு சாய்ந்து காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுகிறது. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகிவிடும். டிரம் இருந்த காலத்தில் இதே ஆட்டம் பெடலில் தெரிந்திருக்காது. நகராத, இரு பக்கமும் பிஸ்டன் உள்ள காலிப்பரில் இது அதிகம் தெரியும்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். அப்போதும் ஆடினால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங் பின்னோ பால் ஜாயிண்ட்டோ. டேப்பர் ரோலர் பேரிங் என்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, 0.02 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் விட்டு, புது ஸ்பிளிட் பின் போட்டு மடக்குங்கள்.